கிடங்கிலிருந்து வாயிலுக்கு: பழைய நெட்புக்கில் ஒரு ப்ராக்ஸி சர்வர்

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, நாகலூர் போகும் வழியில், மாலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் ஒரு படிப்பகம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கு வந்து படிக்கிறார்கள். பலர் கொடுத்துவிட்டுப் போன எட்டு பழைய மேசைக் கணினிகள், சிம் கார்டு போட்ட ஒரு 4ஜி ரவுட்டர், நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா: அங்குள்ள இணையம் இவ்வளவுதான். ஐந்து மணிக்குக் கணினிகள் உயிர்பெறும். ஆறரை மணிக்குள் அன்றைய 2 ஜிபி தீர்ந்துவிடும். அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கி, ஒரு பக்கம் கூடத் திறக்காது. அந்த டேட்டாவைத் தின்றவர்கள் பிள்ளைகள் அல்லர் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரும்பகுதியைக் கணினிகள் தாமாகவே இறக்கிக்கொண்ட புதுப்பிப்புகளும், யாரோ ஒருவர் திறந்து மறந்துவிட்ட வீடியோக்களும் எடுத்துக்கொண்டன.

சேலத்தில் என் வீட்டு அலமாரியில் 1.6 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் ஆட்டம் என்270 செயலியும் 1 ஜிபி நினைவகமும் கொண்ட, நெட்புக் எனப்படும் சிறு மடிக்கணினி ஒன்று பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. இந்தச் செயலி 2008இல் வெளிவந்தது. இன்றைய வலைப்பக்கம் ஒன்றைத் திறக்கவே அது திணறும். அப்படிப்பட்ட கருவி எட்டு கணினிகளுக்கு ப்ராக்ஸி சர்வராக நின்று வேலை செய்ய முடியுமா என்று படிப்பகத்தை நடத்தும் ஆசிரியை கேட்டார். முடியும். ஆனால் அது ஏன் முடிகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் அமைக்கத் தொடங்கினால், செய்யத் தேவையில்லாத வேலையை அதன் தலையில் ஏற்றி, அது தளர்ந்ததும் பழைய கணினி எதற்கும் உதவாது என்று முடிவுகட்டிவிடுவோம்.

ப்ராக்ஸி சர்வர் என்பது பதிலாள். உலாவி தனக்கு வேண்டிய பக்கத்தை நேராகத் தொலைதூர சர்வரிடம் கேட்பதற்குப் பதிலாக இந்தப் பதிலாளிடம் கேட்கிறது. பதிலாள் தன் பெயரில் போய் வாங்கி வந்து கொடுக்கிறது. வெளியே தெரிவது பதிலாளின் முகவரி மட்டும். எல்லாக் கோரிக்கைகளும் ஒரே வாயில் வழியாகப் போய்வருவதால், அந்த இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம், தடுக்கலாம், கணக்கு எழுதலாம், வேகத்தைப் பங்கிடலாம்.

இவற்றுள் முதலாவதான பிரதி எடுத்து வைத்தல்தான் தொடக்க காலத்தில் ப்ராக்ஸியின் பெருமையாக இருந்தது. 1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் அரி லூட்டோனன், கெவின் ஆல்டிஸ் இருவரும் வலைக்கான ப்ராக்ஸியை விளக்கினார்கள். பாதுகாப்பு அரணுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிடுவதும், ஒருமுறை வாங்கியதைச் சேமித்து அடுத்தவருக்குக் கொடுப்பதும் அதன் நோக்கங்கள். ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் சேமிப்பு மென்பொருளிலிருந்து 1996இல் கிளைத்ததுதான் இன்றும் பரவலாகப் பயன்படும் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துச் சேலத்தின் தெருக்களில் நெட் சென்டர்கள் முளைத்தபோது, தொலைபேசிக் கம்பி வழியே வந்த 56 கேபிபிஎஸ் இணைப்பு ஒன்றைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்டன. அந்த இணைப்பில் நொடிக்கு 7 கிலோபைட்டுக்கு மேல் வராது. 50 கிலோபைட் படம் ஒன்று முழுதாகத் தெரிய ஏழு நொடிக்கு மேல் ஆகும். ஒரே மின்னஞ்சல் தளத்தின் முகப்பையும் ஒரே தேர்வு முடிவுப் பக்கத்தையும் பத்துப் பேர் திறக்கும் இடத்தில், முதலாமவர் வாங்கியதை மற்ற ஒன்பது பேருக்கும் உள்ளூரிலேயே கொடுப்பது பெரிய லாபம். எனவே அன்றைய ப்ராக்ஸி ஒரு கிடங்கு. கிடங்கு பெரிதாக வேண்டும், விரைவான வன்வட்டு வேண்டும், நினைவகம் நிறைய வேண்டும்.

இன்றைய வலை அப்படி இல்லை. ஏறத்தாழ எல்லாத் தளங்களும், தரவை மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறைக்கு மாறிவிட்டன. 2015இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்த முறைக்குத் தேவையான சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகு, சிறிய தளங்களுக்கும் மாறாமல் இருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. எச்டிடிபிஎஸ் தளம் ஒன்றைத் திறக்கும்போது உலாவி ப்ராக்ஸியிடம் பக்கத்தைக் கேட்பதில்லை. ‘கனெக்ட்’ என்ற கட்டளையால், இந்தப் பெயருடைய சர்வரின் 443ஆம் போர்ட்டுக்கு, அதாவது எச்டிடிபிஎஸ்ஸுக்கான எண்ணிட்ட வாசலுக்கு, எனக்கு ஒரு குழாய் அமைத்துக்கொடு என்று மட்டும் கேட்கிறது. ப்ராக்ஸி குழாயை அமைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. உள்ளே ஓடுவது மறையாக்கம் செய்யப்பட்ட பைட்டுகள். அவை பாடப் புத்தகமா, பாட்டா என்று அதற்குத் தெரியாது. தெரியாததைச் சேமித்து வைத்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

சேமிப்புப் போய்விட்டதால் ப்ராக்ஸியே வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். என் முடிவு வேறு. கிடங்கு வேலை போய்விட்டதால்தான் பழைய கணினிக்கு இந்த இடம் கிடைத்திருக்கிறது. குழாய் அமைத்துக்கொடுப்பதற்கு மறையாக்கக் கணக்கு எதையும் அது போட வேண்டியதில்லை. அதை உலாவியும் தொலைதூர சர்வரும் தமக்குள் பார்த்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் வந்த பைட்டை மறுபக்கம் தள்ளுவது மட்டும்தான் ப்ராக்ஸியின் உழைப்பு. அதற்கு ஆட்டம் செயலி தாராளமாகப் போதும்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் இன்னமும் கிடங்கு காலத்து அளவுகளைத்தான் சொல்கின்றன. வன்வட்டில் 20 ஜிபி ஒதுக்குங்கள் என்று ஒரு குறிப்பைப் படித்து அப்படியே செய்தால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வன்வட்டில் சேமிக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஸ்க்விட் தன் அட்டவணையை நினைவகத்தில் வைத்துக்கொள்ள, 32 பிட் கணினியில் சுமார் 10 எம்பியும் 64 பிட் கணினியில் சுமார் 14 எம்பியும் தேவைப்படும். 20 ஜிபிக்கு 200 எம்பி அட்டவணைக்கே போய்விடும். அதன்மேல், நினைவகச் சேமிப்புக்கு ஸ்க்விட் இயல்பாக எடுத்துக்கொள்ளும் அளவு 256 எம்பி. 1 ஜிபி நினைவகம் உள்ள நெட்புக்கில் இவை இரண்டுக்கே ஏறத்தாழ பாதி போய்விடும்; மற்ற தேவைகளும் சேர்ந்தால் இயங்குதளம் வன்வட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கி, மொத்தமும் ஊர்ந்து போகக்கூடும். நான் வன்வட்டுச் சேமிப்பை அறவே வைக்கவில்லை. நினைவகச் சேமிப்பை 32 எம்பிக்குக் குறைத்தேன். வேகத்தில் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. சேமிப்பும் வேகப் பங்கீடும் வேண்டாம், வழிவிட்டால் போதும் என்பவர்களுக்கு ஸ்க்விட் கூடத் தேவையில்லை. டைனிபிராக்ஸி என்ற சிறு மென்பொருள் சில எம்பி நினைவகத்திலேயே அந்த வேலையைச் செய்துவிடும்.

குழாயை உடைத்து உள்ளே பார்க்கும் வழியும் ஸ்க்விட்டில் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ப்ராக்ஸி தானே ஒரு சான்றிதழ் வழங்குநராக நடித்து, உலாவியிடம் தொலைதூரத் தளம் போலவும், தொலைதூரத் தளத்திடம் உலாவி போலவும் நிற்கும் முறை அது. அதற்கு எல்லாக் கணினிகளிலும் நம் சான்றிதழை நம்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் மறையாக்கக் கணக்கை இருமுறை போட வேண்டும். அந்தக் கணக்குக்கான தனிக் கட்டளைகள் இல்லாத என்270 செயலி இதில் மூச்சு வாங்கும். அது முடிந்தாலும் நான் செய்யமாட்டேன். அந்தக் கணினிகளில்தான் ஆசிரியை தன் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்புகிறார்கள். அவர்களுடைய கடவுச்சொற்கள் திறந்த எழுத்தாக ஒரு பழைய நெட்புக்கின் நினைவகத்தின் வழியே போவதற்கு, டேட்டா சேமிப்பு என்ற காரணம் போதாது.

கிடங்கு வேலை முழுவதும் ஒழிந்துவிடவில்லை. ஓர் இடத்தில் நன்றாகவே மிஞ்சியிருக்கிறது. டெபியனும் அதன் வழிவந்த லினக்ஸ்களும் மென்பொருள் தொகுப்புகளைச் சாதாரண எச்டிடிபி வழியாகவே வாங்க முடியும். தொகுப்புப் பட்டியலின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்ப்பதால், வழியில் யாரும் மாற்றிவிட முடியாது. இதற்கென்றே உள்ள ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை நெட்புக்கில் போட்டால், ஒரு கணினி இறக்கிய தொகுப்பை மற்றவை உள்ளூரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எட்டில் ஐந்து கணினிகள் லினக்ஸில் ஓடுவதால், 300 எம்பி புதுப்பிப்பு வந்தால் முன்பு 1,500 எம்பி செலவானது. இப்போது 300 எம்பியோடு நின்றுவிடுகிறது. விண்டோஸ் கணினிகளுக்கு இந்த வழி அவ்வளவு எளிதல்ல. அவை புதுப்பிப்புகளைத் துண்டுதுண்டாகக் கேட்கும். துண்டுகளை ஸ்க்விட் இயல்பாகச் சேமிப்பதில்லை. விண்டோஸ் 10 முதல், ஒரே வலைப்பின்னலில் உள்ள கணினிகள் புதுப்பிப்புத் துண்டுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டு, புதுப்பிப்புகளைப் படிப்பகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம்.

டேட்டாவைக் காத்ததில் பெரும்பங்கு வேகப் பங்கீட்டுக்குத்தான். ஸ்க்விட் இதைத் தண்ணீர்த் தொட்டி போலக் கையாளுகிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தொட்டி. அது குறிப்பிட்ட வேகத்தில் நிரம்பிக்கொண்டே இருக்கும். எடுத்துக்கொள்பவர் தொட்டியில் உள்ளவரை வேகமாக எடுக்கலாம், காலியானதும் நிரம்பும் வேகத்துக்கு மட்டுமே கிடைக்கும். நாங்கள் தொட்டியின் கொள்ளளவை 2 எம்பி என்றும் நிரம்பும் வேகத்தை நொடிக்கு 60 கிலோபைட் என்றும் வைத்தோம். ஒரு பாடப் பக்கத்தைத் திறந்தால் அது தொட்டியிலிருந்தே சட்டென்று வந்துவிடுகிறது. படிக்கிற நேரத்தில் தொட்டி மறுபடி நிரம்பிவிடுகிறது. உயர் தெளிவுள்ள வீடியோ மட்டும் தானாகவே குறைந்த தெளிவுக்கு இறங்குகிறது. எல்லா எட்டுப் பிள்ளைகளும் இடைவிடாமல் இறக்கினாலும் நொடிக்கு 480 கிலோபைட், மணிக்கு 1.7 ஜிபி. அப்படி யாரும் இடைவிடாமல் இறக்குவதில்லை என்பதால், எட்டு மணிவரை 2 ஜிபி தாங்குகிறது. இந்த எண்களை ஸ்க்விட் பைட்டில் கேட்கிறது. இணைய நிறுவனங்களோ வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. இந்த எட்டு மடங்கு வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதுதான் இதில் அடிக்கடி நேரும் பிழை.

இவையெல்லாம் நடக்க வேண்டுமானால் ப்ராக்ஸியைத் தவிர்த்துப் போக வழி இருக்கக் கூடாது. உலாவியின் அமைப்பில் முகவரியை எழுதிவிட்டு வந்தால், விவரம் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒரு நிமிடத்தில் அதை எடுத்துவிடுவான். அதோடு, விண்டோஸின் பின்னணிச் சேவைகள் உலாவிக்குச் சொன்ன ப்ராக்ஸியைப் பார்ப்பதில்லை. அவற்றுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகவே நெட்புக்கை ரவுட்டருக்கும், எட்டு கணினிகளின் கேபிள்களையும் ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் நடுவில் வைத்தோம். அதன் சொந்த நெட்வொர்க் போர்ட் ரவுட்டரைப் பார்க்கிறது. யுஎஸ்பியில் செருகிய இன்னொரு நெட்வொர்க் அடாப்டர் ஸ்விட்சைப் பார்க்கிறது. இரண்டு பக்கத்துக்கும் முகவரித் தொடர் வேறுவேறாக இருக்க வேண்டும், ரவுட்டர் 192.168.1 தொடரைக் கொடுத்தால் உட்பக்கத்துக்கு 192.168.50 போல ஒன்றைக் கொடுக்கலாம். நெட்புக்கில் தரவுப் பொட்டலங்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நேராகக் கடத்தும் வசதியை இயக்காமல் விட்டதால், ப்ராக்ஸியைக் கேட்காத எதுவும் வெளியே போகாது. இரண்டு போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ் வேகம் உடையவை; மலையில் கிடைக்கும் 4ஜிக்கு அது அதிகம். வைஃபையை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். ஒவ்வொரு பைட்டும் ஒரே காற்றலையில் இருமுறை பயணம் செய்வதால் வேகம் பாதியாகிவிடும்.

இயங்குதளத்தைத் தேர்வதில் ஒரு சிக்கல் உண்டு. என்270 வெறும் 32 பிட் செயலி. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அதற்கான நிறுவல் கோப்பே இல்லை. 2023இல் வந்த டெபியன் 12 வரைதான் உண்டு. நான் டெபியன் 12ஐ வரைகலைத் திரை இல்லாமல் நிறுவினேன். இன்னும் சில ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கருவி ஓட வேண்டும் என்றால், 32 பிட்டை இன்னமும் ஆதரிக்கும் ஆல்பைன் லினக்ஸைப் பார்க்கலாம். புதிதாகத் தேடுபவர்கள் 64 பிட் கருவியை எடுப்பதே நல்லது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அத்தகைய கணினிகள் பலருடைய வீட்டு அலமாரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆனால் எந்தப் பழைய கணினியும் சரி என்று எடுத்துவிடக் கூடாது. நாள் முழுவதும் ஓடும் கருவிக்கு மின்சாரம்தான் உண்மையான விலை. திரை அணைந்த நெட்புக் 12 வாட் எடுத்தால் இரண்டு மாதத்தில் 17 யூனிட் ஆகும். சும்மா நிற்கும்போதே 80 வாட் எடுக்கும் பழைய பென்டியம் 4 மேசைக் கணினி அதே காலத்தில் 115 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்தது, 2025 நிலவரப்படி, 100 யூனிட். ஒரு வீட்டில் அந்தப் பென்டியத்தை ப்ராக்ஸியாக வைத்தால் அது ஒன்றே அந்த 100 யூனிட் முழுவதையும் விழுங்கிவிடும்.

மடிக்கணினி வகைக்கு இன்னொரு நன்மை, அதன் பேட்டரியே சிறு யுபிஎஸ் ஆகிவிடுவது. ஏற்காட்டில் மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் நெட்புக்கின் பழைய பேட்டரி இருபது நிமிடம் தாங்குகிறது. ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்கினோம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும், அதில் சமரசம் கூடாது. மூடியை மூடினாலும் கருவி உறங்காதபடி அமைப்பை மாற்ற மறக்கக் கூடாது.

எனக்கு நேர்ந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். படிப்பகம் மூடியிருக்கும் நேரத்தில் எதுவும் டேட்டாவை எடுக்கக் கூடாது என்று, திங்கள் முதல் சனி வரை மாலை 5 முதல் 8 வரை மட்டுமே ப்ராக்ஸி வழிவிடும்படியும், ஞாயிறு காலையில் புதுப்பிப்புகளுக்குத் திறக்கும்படியும் நேர விதி எழுதியிருந்தேன். ஒரு மழை இரவில் நீண்ட நேரம் மின்சாரம் போய், பேட்டரியும் தீர்ந்து, நெட்புக் அணைந்துவிட்டது. மறுநாள் ஆசிரியை அழைத்தார்: “அண்ணா, நெட் வரலைங்க. என்னோட போன்ல வருது, பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல மட்டும் வரலை.” உலாவியில் தெரிந்தது, இணைப்பு ஏற்படவில்லை என்ற ஒரு வரி மட்டும். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு ப்ராக்ஸி மறுப்புச் சொன்னால், அந்த மறுப்புக்கான காரணத்தை உலாவிகள் காட்டுவதில்லை. ஒரு மாலை முழுவதும் தொலைபேசியிலேயே கேபிளையும் ஸ்விட்சையும் சோதிக்கச் சொன்னேன். மறுநாள் மலையேறிப் போய் ப்ராக்ஸியின் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று: நெட்புக்கின் உள்ளே கடிகாரத்துக்கு உயிர்கொடுக்கும் சிறு பேட்டரி எப்போதோ செத்திருந்தது, மின்சாரம் போனதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய், ஒரு நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்யும் சேவையை நான் நிறுவாமல் விட்டிருந்தேன். ப்ராக்ஸி தன் விதியைச் சரியாகவே கடைப்பிடித்தது. பேட்டரியை மாற்றி, க்ரோனி என்ற நேரச் சேவையையும் நிறுவினேன். நேரடி இணையம் இல்லாத அந்த எட்டு கணினிகளும் இப்போது நெட்புக்கிடமிருந்தே நேரத்தைப் பெறுகின்றன. கடிகாரம் தவறினால் அவற்றிலும் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி மறுத்துவிடும் என்பதால் இது தேவையான ஏற்பாடு.

பாதுகாப்பில் முதன்மையானது, ப்ராக்ஸி உட்பக்க முகவரிக்கு வரும் கோரிக்கைகளுக்கு மட்டும் செவிமடுப்பது. ஸ்க்விட்டின் வழக்கமான 3128ஆம் போர்ட்டைத் தேடி இணையமெங்கும் தானியங்கிகள் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. திறந்து கிடக்கும் ப்ராக்ஸியை யாரும் தம் முகமூடியாக்கிக்கொள்ளலாம், அவர்கள் செய்யும் குற்றம் நம் முகவரியில் பதிவாகும். விதிகளின் வரிசையில் கடைசியாக ‘மற்ற அனைவரையும் மறு’ என்பது இருக்க வேண்டும். குழாய் கேட்பவர்களுக்கு 443ஆம் போர்ட் மட்டும் என்ற இயல்பான கட்டுப்பாட்டை எடுத்துவிடக் கூடாது. 4ஜி இணைப்பின் ஐபிவி4 என்ற பழைய வகை முகவரி பலருக்குப் பொதுவானது, வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்று நிம்மதியாக இருப்பவர்கள், அதே இணைப்பில் அப்படிப் பொதுவாக இல்லாத ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் கிடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பதிவேட்டைப் பற்றிப் படிப்பகத்தில் நீண்ட பேச்சு நடந்தது. எந்தக் கணினி, எந்த நேரத்தில், எந்தத் தளத்தின் பெயரை, எத்தனை பைட் கேட்டது என்பது ஸ்க்விட்டின் பதிவேட்டில் இருக்கும். உள்ளே எந்தப் பக்கம், என்ன தேடினார்கள் என்பது இருக்காது. ஆனாலும் வளரும் பிள்ளை ஒன்று எந்தத் தளத்தின் பெயரைத் தேடிப் போனது என்பதே தனிப்பட்ட செய்தி. ஏழு நாள் பதிவை மட்டும் வைத்துக்கொள்வது, அப்படி வைத்திருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது. தொழிலாக நெட் சென்டர் நடத்துபவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள், ப்ராக்ஸி சர்வரின் பதிவுகளை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்கின்றன.

இவ்வளவு செய்தும் அந்த நெட்புக்கின் செயலி பெரும்பாலும் ஓய்வில்தான் இருந்தது. அதனால் கிவிக்ஸ் என்ற மென்பொருளையும் அதில் ஏற்றி, தமிழ் விக்கிப்பீடியாவின் இணையமற்ற தொகுப்பை வன்வட்டில் வைத்தோம். டேட்டா தீர்ந்த மாலைகளிலும் கரிகாலனைப் பற்றியும் ஒளிச்சேர்க்கையைப் பற்றியும் அது உள்ளூரிலிருந்தே பக்கங்களைக் கொடுக்கிறது.

ஒவ்வொரு முறையும் நான் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போக முடியாது. நெட்புக் ஒருநாள் முழுவதுமாக நின்றுபோனால் ஆசிரியை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அதன் மூடியில் ஒட்டியிருக்கிறோம்: ரவுட்டரிலிருந்து நெட்புக்குக்கு வரும் நீலக் கேபிளைக் கழற்றி நேராக ஸ்விட்சில் செருகவும், எட்டு கணினிகளின் உலாவிகளிலும் ப்ராக்ஸி இல்லை என்று மாற்றவும், கணினிகளை ஒருமுறை அணைத்து இயக்கவும், பிறகு சேலத்துக்குப் போன் செய்யவும். பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் இருவர், நான் அருகில் நிற்காமலே, அந்தத் தாளை மட்டும் வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். பதினான்கு நிமிடம் ஆயிற்று.